ஒன்பதாம் வகுப்புக்கு மூவாயிரம் கிலோமீட்டர்

நவோதயா பள்ளிகளின் மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓராண்டை வேற்று மொழி மாநிலத்தில் கழிக்கிறார்கள். தேச ஒருமைப்பாட்டின் பெயரால் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டின் பாரம் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் தோளில்.

ஹரியானாவின் கர்னால் மாவட்டம் பாசுமதி அரிசிக்குப் பேர்போனது. ஆனால் கேரளத்திலிருந்து அங்கே படிக்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு, தான் வந்திருப்பது சப்பாத்தி ராஜ்ஜியம் என்பது முதல் நாள் சாப்பாட்டுத் தட்டிலேயே தெரிந்துவிடும். விளைவது அரிசி, உண்பது கோதுமை. சமூக அறிவியல் பாடப் புத்தகம் சொல்லித் தராத பாடம் இது.

கர்னால் மாவட்டத்தின் ஜவஹர் நவோதயா வித்யாலயா இருப்பது சக்கா என்ற கிராமத்தில். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பள்ளி, நெடுமங்காட்டைத் தாண்டி விதுரா அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள செற்றச்சலில் இருக்கிறது. ஒன்று கோதுமை வயல்களுக்கு நடுவே, மற்றொன்று ரப்பர் தோட்டங்களுக்கு அருகே. இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். இந்த இரண்டு சிற்றூர்களையும் மாணவர் பரிமாற்றம் இணைத்தது. நாடெங்கும் 650க்கும் மேற்பட்ட நவோதயா பள்ளிகள் இப்படித்தான் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கின்றன: இந்தி பேசும் மாவட்டம் ஒன்று, பேசாத மாவட்டம் ஒன்று.

நவோதயா திட்டம் ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது பிறந்தது. அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த பி.வி. நரசிம்ம ராவ், ஆந்திர முதல்வராக இருந்த காலத்தில், 1971ல், சர்வேலில் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்காக உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். 1985-86ல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாக முதல் இரு பள்ளிகள் வந்தன. ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு. மாவட்டத்துக்கு அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 சதவீதம் கிராமப்புற மாணவர்களுக்கு. மூன்றில் ஒரு பங்கு மாணவிகளுக்கு. தங்குமிடம், உணவு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் இடம் கிடைப்பதென்பது ஒரு விவசாயக் கூலியின் வீட்டில் லாட்டரி விழுந்ததற்குச் சமம்.

இந்தப் பரிசோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீத மாணவர்கள் ஓராண்டுக்கு ஜோடிப் பள்ளிக்கு அனுப்பப்பட வேண்டும். வகுப்பில் 80 பேர் என்றால் 24 பேர். வீட்டைப் பிரிந்த துக்கம் ஆறாம் வகுப்போடு தீர்ந்தது என்று நினைத்த தாய்மார்களுக்கு இது இரண்டாவது அடி. மகளை அனுப்ப மறுக்கும் குடும்பங்களைச் சம்மதிக்க வைப்பது தலைமையாசிரியர்களுக்கு ஆண்டுதோறும் வரும் தலைவலி. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு என்பதும் பெற்றோரின் கவலை. (மொத்தத் தேர்ச்சி விகிதத்தில் நவோதயா பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வரிசையில் உச்சியில்தான் இருந்துவருகின்றன. ஆனால் எந்தத் தாய் சராசரியைப் பார்த்து மனம் தேறுவாள்?)

கோடை விடுமுறை முடிந்ததும் ஆசிரியர் துணையோடு ரயில் பயணம். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு பகல், இரண்டு இரவுக்குக் குறையாது. வழக்கமான தடத்தில் அது கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி என்று தமிழகத்தைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. இந்தித் திணிப்புக்கு எதிரான நிலைப்பாட்டால் ஒரு நவோதயா பள்ளிகூட இல்லாத ஒரே மாநிலத்தின் வழியாகத்தான், நவோதயா மாணவர்கள் இந்தி மண்ணுக்குப் போகிறார்கள். பக்கத்துப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பள்ளிகள் உண்டு.

போய்ச் சேர்ந்த பிறகு பள்ளி புதிது, பழக்கம் பழையது. விடியற்காலையில் எழுப்பி உடற்பயிற்சிக்கு ஓட வைக்கும் விசில், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான நவோதயா பாடல், மாலை விளையாட்டு, இரவில் ஆசிரியர் மேற்பார்வையில் படிப்பு. ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்ற நான்கு இல்லங்களின் பெயர்கூட மாறாது. மலையாளப் பையன் சிவாலிக் அணிக்காகக் கோகோ ஆடலாம். நீலகிரி அணியில் அந்த மலையைக் கண்ணால் பார்த்திராத ஜாட் பையன்கள் இருக்கலாம். பாதுகாப்பான ஓர் அச்சில் வார்த்த வாழ்க்கை. அந்த அச்சுதான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

காப்பாற்றாதது மொழி. எட்டாம் வகுப்புவரை தாய்மொழியில் படிக்கலாம். அதன் பிறகு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில், சமூக அறிவியல் இந்தியில் என்பது இப்பள்ளிகளின் நெடுங்கால வழக்கம். தெற்கிலிருந்து போகிறவருக்கு வகுப்பறையில் ஆரம்பிக்கும் இந்தி, விளையாட்டுத் திடல், சாப்பாட்டு வரிசை, சலவைக்காரர், முடி திருத்துபவர் என்று விரட்டிக்கொண்டே வரும். முதல் பருவத்தில் ஆண்பால், பெண்பால் குழம்பிச் சிரிப்புக்கு ஆளாகிறவர், ஹோலி வருவதற்குள் அதே மொழியில் சண்டை போடத் தேறிவிடுகிறார். சண்டை போட முடிந்த மொழிதான் வந்த மொழி.

எதிர்த்திசையில் கணக்கு வேறு. கொள்கைப்படி ஹரியானாப் பள்ளியில் ஜோடி மாநிலத்தின் மொழி மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். ஆனால் செற்றச்சலுக்கு வரும் ஹரியானா மாணவரைச் சுற்றியிருக்கும் சக மாணவர்கள் எல்லோரும் ஆறாம் வகுப்பிலிருந்தே இந்தி படித்தவர்கள். தட்டுத் தடுமாறியாவது அவரிடம் இந்தியில்தான் பேசுகிறார்கள். அவர் மலையாளத்தில் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் பள்ளி வாசலுக்கு வெளியே, கடைத்தெருவில்தான் வருகிறது. உறைவிடப் பள்ளி மாணவருக்குக் கடைத்தெரு எத்தனை நாள் வாய்க்கும்? சமமான பரிமாற்றம் என்று காகிதத்தில் எழுதப்பட்டது, நடைமுறையில் இந்திப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. தமிழகத்தின் ஆட்சேபத்தில் உள்ள நியாயம் புரிவது இந்த இடத்தில்தான். கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு இலவச உறைவிடக் கல்வி என்ற வாய்ப்பு அந்த ஆட்சேபத்தோடு சேர்ந்து கைநழுவியது என்பதும் அதே அளவு உண்மை.

ஆகஸ்ட் 15க்கு நடனம், ஓணத்துக்குப் பூக்கோலம், மண்டல விளையாட்டுப் போட்டிகள் என்று ஆண்டின் முதல் பாதி ஓடிவிடும். கடினமானது டிசம்பர், ஜனவரி. மழையைத் தவிர வேறு குளிர் அறியாத கேரளப் பிள்ளைகளுக்கு, வட இந்தியப் பனிமூட்டத்தில் விடிகாலைத் தண்ணீர் ஒரு தண்டனை. சக மாணவர்களின் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்யும் லட்டும் வந்து இறங்கும். வெளிமாநிலப் பிள்ளைகளைப் பார்க்க யாரும் வருவதில்லை. கைபேசி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அந்த ஞாயிறுகளில் தன் டப்பாவைத் திறந்து பங்கு வைக்கும் உள்ளூர்த் தோழன்தான் ஒருமைப்பாட்டுத் திட்டத்தின் உண்மையான அமலாக்க அதிகாரி.

தனிமையை வேடிக்கையாக மட்டும் எழுதிவிட முடியாது. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2018 டிசம்பரில் செய்தி வெளியானது. பாதிப்பேர் தலித், பழங்குடி மாணவர்கள். 2019 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இவை இடம்பெயர்ந்த மாணவர்கள் பற்றிய கணக்கு அல்ல. ஆனால் வகுப்பெடுக்கும் ஆசிரியரே விடுதிக் காவலராகவும் இருந்து நாள் முழுவதும் ஓடும் அமைப்பில், ஒரு பிள்ளை மௌனமாகிவிட்டதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உரக்கப் பேசப்பட்டது. அந்தப் பிள்ளைக்கு மொழியும் புரியாதபோது மௌனத்தை இனம் காண்பது இன்னும் கடினம்.

2020ல் இந்த ஏற்பாடு மற்றொரு சோதனையைச் சந்தித்தது. கொரோனா பரவியதால் மார்ச் 21 அன்று கோடை விடுமுறை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மாணவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு. ரயில் நின்றது. தேர்வை முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டி வைத்திருந்த 3,000க்கும் மேற்பட்ட வெளிமாநில மாணவர்கள் 173 பள்ளிகளில் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் 13 முதல் 15 வயது. காலியான விடுதியில் அவர்களும் ஒரு சில ஆசிரியர்களும் சமையல்காரர்களும்தான். ரயில் ஓடாது என்று தெரிந்த பிறகு, மாநிலம் மாநிலமாக அனுமதிச் சீட்டு வாங்கிப் பேருந்துகளில் அனுப்பினார்கள். அவற்றில் மிக நீண்ட பயணம் கர்னாலிலிருந்து திருவனந்தபுரம் வரையிலானது. கடைசிக் குழுக்கள் வீடு சேர்ந்தபோது மே மாதத்தின் பாதி கடந்திருந்தது.