யாருடைய படிப்பை அடகு வைப்பது?

"ஸார், கையிலிருப்பது ஒருவர் படிப்புக்கே போதும். பையனைக் கலாசாலைக்கு அனுப்பிவிட்டு, பெண்ணை நிறுத்திவிடப் போகிறேன்" என்றார், நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் என் மாணவியின் தகப்பனார்.

1950-களில் அப்துல் கலாமைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்க்க, அவருடைய தமக்கை ஜொஹரா தம் பொன் வளையல்களை அடகு வைத்தார். அன்று அடகு போனவை வளையல்கள். இன்று தமக்கையின் படிப்பையே அடகு வைப்பதா?

ஆறாம் வகுப்பு முதல் அரசினர் பள்ளியில் பயின்ற பெண்ணுக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் கலாசாலையில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பையன் பாலிடெக்னிக்கில் தேறி, வேலை பார்த்துப் பொருள் சேர்த்தபின், பொறியியலில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம்.

பெற்றோர்களே, பணம் குறைந்தால் வழியை மாற்றுங்கள், குழந்தையை நிறுத்தாதீர்கள்.

"விண்ணப்பம் எழுத எப்பொழுது வரட்டும்?" என்று கேட்டார் அவர்.