தாரும் ரோஜாவும்

இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியமோன்ட் பகுதியில், நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து மட்டுமே வடிக்கப்படும் பரோலோ என்ற சிவப்பு ஒயின், பார்வைக்கு வெளிறிய மாணிக்க நிறத்தில் மென்மையாகத் தோன்றினாலும், நாவில் பட்டவுடன் கடுந்துவர்ப்பால் தன் வலிமையை உணர்த்திவிடுகிறது. டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் சாற்றில் இறங்கி, உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழவழப்பைக் குறைப்பதாலேயே வாய் உலர்ந்து இறுகுவதுபோல் இருக்கிறது. சுவைத்தறியும் வல்லுநர்கள் இதன் மணத்தைத் தாரும் ரோஜாவும் கலந்தது என்று வருணிப்பர்; சாலையையும் மலரையும் ஒருசேர நினைவூட்டும் இம்முரணே பரோலோவின் தனி அழகு எனலாம். மரப்பீப்பாயில் கழியும் 18 மாதங்கள் உட்பட, குறைந்தது 38 மாதங்கள் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரும் இந்த ஒயினில், ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புத் தணிந்து, உலர்ந்த இலை, பதனிட்ட தோல், காளான் ஆகியவற்றின் வாசனை மேலெழுகிறது.