துப்பாக்கியில் பெயர் ஒருவருக்கு, உழைப்போ பலருக்கு!

இரணியலில் இருந்து தக்கலை வழியாகப் புலியூர்க்குறிச்சிக்குப் போனால் உதயகிரிக் கோட்டையைக் காணலாம். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அப்போது பிடிபட்டவர் டிலனாய். பிறகு அவர் அதே மன்னரின் படைத்தலைவர் ஆகிவிட்டார்! மக்கள் அவரை "வலிய கப்பித்தான்" என்றார்கள். அவருடைய மேற்பார்வையில் இந்தக் கோட்டைக்குள் பீரங்கிகள் வார்க்கப்பட்டன.

1777-ல் அவர் இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். சரி, உலையில் வெந்த கொல்லர்களின் பெயர்? யாருக்குத் தெரியும்!

இங்கிலாந்திலும் இதே கதை

இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி என்றால் லண்டன் பர்டி கம்பெனியைத்தான் பணக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தின் சிறிய ஊர்களிலும் துப்பாக்கிக் கடைகள் இருந்தன. துப்பாக்கியில் கடைக்காரரின் பெயர் இருக்கும். செய்தவர்களோ பெரும்பாலும் பர்மிங்காம் நகரத்துப் பட்டறைக்காரர்கள்.

குழல் செய்பவர் ஒருவர். விசை செய்பவர் வேறொருவர். வால்நட் மரக்கட்டையைச் செதுக்கிப் பொருத்துபவர் மற்றொருவர். பூ வேலைக்கு இன்னொருவர். அந்தக் காலத்தில் இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின் மேல் கயிறுபோல் சுற்றி, காய்ச்சி அடித்துக் குழல் செய்தார்கள். அதில் அழகான வரிக்கோலம் தெரியும்.

கை போய்விடும்!

குழல் வெடித்தால் சுடுகிறவர் கை போய்விடும். ஆகவே 1813-ல் சட்டம் இயற்றிப் பர்மிங்காமில் சோதனைச் சாலை அமைத்தார்கள். அங்கே வழக்கத்தைவிட அதிக மருந்து அடைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால்தான் முத்திரை. பெரிய கம்பெனியோ, பெயர் தெரியாத பட்டறையோ, சோதனைக்குத் தப்ப முடியாது. அதனால் சின்னப் பட்டறையின் துப்பாக்கியையும் மக்கள் நம்பி வாங்கினார்கள்.

ஓர் எச்சரிக்கை: அந்தப் பழைய குழல்கள் கரிமருந்துக்காகச் செய்தவை. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் ஆபத்து.

இருவர் பெயர் நிலைத்தது

ஆன்சன், டீலி என்ற இருவர் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். 1875-ல் அவர்கள் சுத்தியல் வெளியே தெரியாத எளிய விசை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உலகமெங்கும் துப்பாக்கி செய்பவர்கள் இன்றும் அதை அவர்கள் பெயராலேயே அழைக்கிறார்கள். முதலாளி பெயரோடு தொழிலாளி பெயரும் வாழ்கிறது!

எல்லாருக்கும் அந்தப் பேறு கிடைப்பதில்லை. அடுத்த முறை உதயகிரிக்குப் போனால் டிலனாய் கல்லறையைப் பாருங்கள். அங்கே உலை ஊதிய பெயரற்ற கைகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.