வயிற்றுப் புண்ணும் ஒரு கிருமியும்



ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய பெரியவர்களில் சிலர் இன்று முதியோர் இல்லங்களில் வாழ்கிறார்கள். சிரம்பானில் அரசாங்கத்தின் ரூமா செரி கெனாஙான் இருக்கிறது. தனியார் இல்லங்களும் உண்டு. பார்க்கப் போனால், "வயிறு எரியுதுப்பா, சோறு இறங்கல" என்பார்கள். "எல்லாம் காற்று, மிளகாயைக் குறைங்க" என்று நாமும் சொல்லிவிட்டு வருகிறோம்.

பாவம், மிளகாய்! அதன்மேல் வீண்பழி. வயிற்றுப் புண்ணுக்குப் பெரிய காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன! 2005-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இரைப்பையின் அமிலத்தில் மற்றக் கிருமிகள் பிழைப்பது அரிது. இதுவோ அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்குள் திருகாணி போலப் புகுந்துவிடும். பெரும்பாலும் சிறு வயதிலேயே, நெருங்கி வாழும் வீட்டில், வாய் வழியாகத் தொற்றுகிறது. ஒரே லயத்தில் பத்துப் பேர், ஒரே குழாய், பாட்டி மென்று ஊட்டிய சோறு என்று வளர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். மலேசிய ஆய்வுகளில் மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது.

இல்லங்களிலும் அதே நெருக்கம்தான். பொதுக் கழிப்பறை, பலர் வாய்க்குப் போகும் ஒரே கரண்டி, வாந்தியைத் துடைத்த கை. நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களை ஆராய்ந்தபோது, அங்கே வாழ்வோரிடம் இக்கிருமி வெளியாரைவிட அதிகம் இருந்தது. அவர்களில் பலருக்கு வலியைச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்குவது, உடல் மெலிவது, இரவில் அனத்துவது இவைதான் அவர்கள் பேச்சு. வயதானவர்களுக்கோ வலியே இல்லாமல் புண் முற்றி இரத்தம் கசியலாம். மூட்டுவலி மாத்திரை தினமும் விழுங்குபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, "கிருமிச் சோதனை செய்ய வேண்டுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுத்து, பையில் ஊதச் சொல்லும் எளிய சோதனை உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதனை பொய் சொல்லக்கூடும்.

கிருமி இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இதை இரைப்பைப் புற்றுநோய்க்கான காரணிகளில் சேர்த்தது. மருந்து பெரும்பாலும் 14 நாள். எரிச்சல் நின்றதும் ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்துவதுதான் நம்மவர் வழக்கம். அப்படிச் செய்தால் எஞ்சிய கிருமிக்கு மருந்து பழகிப்போகும். முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக! பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதால் இது தொற்றாது. தாத்தாவுக்குத் தனிக் கோப்பை, தனிக் கரண்டி இருக்கிறதா, ஊட்டிவிடுபவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.