வெண்ணங்கையும் பீலிவளையும்: ஒரு சீனத் தொலைக்காட்சித் தொடரை மணிமேகலையோடு வைத்து நோக்கல்

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் சீனத் தொலைக்காட்சித் தொடர்கள் நெடுங்காலமாகப் பார்க்கப்பட்டு வருகின்றன. மொழி தெரியாதவர்களும் திரையின் அடியில் ஓடும் மலாய் வசன வரிகளைப் படித்தே கதையைப் பின்தொடர்ந்தனர். ஆயினும் இத்தொடர்களைத் தமிழாய்வு பெரிதும் பொருட்படுத்தியதில்லை. பொழுதுபோக்கு என்றும் பிறமொழி என்றும் அவை ஒதுக்கப்பட்டன. இக்கட்டுரை, 1992ஆம் ஆண்டு தைவானில் ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு சீனப் பெருநிலத்திலும் ஒளிபரப்பான ஒரு தொடரை எடுத்துக்கொள்கின்றது. ‘வெண்ணங்கையின் புதிய கதை’ என்று பொருள்படும் தலைப்பினைக் கொண்ட அத்தொடர் 50 பகுதிகளை உடையது. மானிடனை மணந்த வெண்ணாகப் பெண்ணொருத்தியின் கதை அது. அக்கதையை மணிமேகலையில் வரும் நாகநாட்டு இளவரசி பீலிவளையின் கதையோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீட்டிற்கு வித்திட்டது நூலகம் அன்று. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிம்பாங் ரெங்கம், தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். கட்டுரையாளர் தம் இளமையில் அறிந்த அவ்வூரில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தொடரின் ஒளிநாடாக்கள் வாடகைக்குக் கிடைத்தன. தோட்டத்துப் பெண்கள் அதனைப் ‘பாம்புக்காரி கதை’ என்றே குறிப்பிட்டனர். மலாய் வரிகளைப் படிக்க இயலாத பாட்டிமார்களுக்குப் பேரப்பிள்ளைகள் பொருள் சொல்ல, அவர்களோ அப்பொருளைத் தம் போக்கில் மாற்றிக்கொண்டனர். கதைத்தலைவி அவர்களுக்கு அரக்கியாகத் தோன்றவில்லை. தோட்டத்துப் புற்றடியில் நாகம்மாவுக்கு முட்டையும் பாலும் வைத்து வணங்கிய பெண்களுக்குப் பாம்பு அருவருப்புக்குரியதன்று என்பதே இதற்குக் காரணமாகலாம். அப்புற்றடிக்குச் சீனர்களும் வந்து ஊதுவத்தி ஏற்றியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

தொடரும் அதன் கதைப்போக்கும்

பை சூஜென் என்னும் வெண்ணாகம் பல நூற்றாண்டு தவத்தால் பெண்வடிவம் பெறுகின்றது. முற்பிறவியொன்றில் தன்னைக் காத்த இடைச்சிறுவனுக்கு நன்றிக்கடன் தீர்க்க வேண்டுமென்பது அதற்கிடப்பட்ட கட்டளை. அச்சிறுவன் இப்பிறவியில் சூ சியன் என்னும் மருந்துக்கடைப் பணியாளனாக ஹாங்சோவ் நகரில் வாழ்கின்றான். மேற்கு ஏரியில் மழை பொழியும் வேளையில் இருவரும் சந்திக்கின்றனர். அவன் இரவலாகத் தந்த குடை அவர்களைச் சேர்த்துவைக்கின்றது. மணம் நிகழ்கின்றது, இருவரும் மருந்துக்கடை நடத்துகின்றனர். ஃபாஹாய் என்னும் துறவி, அவள் பாம்பென்றும் மனிதனோடு அவள் வாழ்வது முறைமைக்கு மாறென்றும் கருதி அவர்களைப் பிரிக்க முற்படுகின்றார். ஐந்தாம் மாத விழாவில் மனோசிலை கலந்த மதுவை அருந்தி அவள் தன்னுருவை வெளிப்படுத்துவதும், கண்ட கணவன் அதிர்ச்சியால் உயிர்விடுவதும், அவனை மீட்க அவள் தெய்வங்களின் காவலிலிருந்த மூலிகையைக் கவரச் செல்வதும் தொடரின் உயிர்ப்பான பகுதிகளாகும். சித்த மருத்துவத்தில் பயிலும் அதே மனோசிலைதான் இங்குப் பாம்பை விரட்டும் பொருளாகின்றது.

பின்னர் ஃபாஹாய், சூ சியனை ஜின்ஷான் ஆலயத்தில் தடுத்துவைக்கின்றார். கருவுற்றிருந்த பை சூஜென் கணவனைத் திருப்பித் தருமாறு மன்றாடுகின்றாள். அவர் மறுக்கவே, வெள்ளத்தை எழுப்பி ஆலயத்தைச் சூழச் செய்கின்றாள். அவ்வெள்ளத்தில் அப்பாவி மக்கள் மடிகின்றனர். குழந்தை பிறந்தபின் அக்குற்றத்திற்காக அவள் லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ் அடைக்கப்படுகின்றாள். கணவன் துறவு பூணுகின்றான். மகன் வளர்ந்து அரசுத்தேர்வில் முதன்மை பெற்றுக் கோபுரத்தின்முன் வணங்கியபின்னரே அவளுக்கு விடுதலை கிட்டுகின்றது.

தொடரின் குறைகள் வெளிப்படையானவை. மந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு நாடகமேடைத் திரைச்சீலைபோல் தோன்றும். மகனின் வளர்ப்பும் கல்வியும் பேசப்படும் பிற்பகுதி தேவைக்கு மேல் நீள்கின்றது. ஆயின் பாத்திரங்கள் உணர்ச்சி மிகும் இடத்தில் பேச்சை விடுத்து ஹுவாங்மெய் இசைநாடக மெட்டில் பாடத் தொடங்குவது இத்தொடரின் தனிச்சிறப்பு. இசைநாடக மரபில் தோய்ந்த தமிழர்க்கு இது புதிதன்று. நாயகியாக நடித்தவர் ஏஞ்சி சியூ. நாயகன் சூ சியனாகவும் பின்னர் அவன் மகனாகவும் நடித்தவர் சிசிலியா இப் என்னும் நடிகை. 1935ஆம் ஆண்டு வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகத் தோன்றியதை அறிந்தவர்க்கு, பெண் ஆண்வேடம் புனைவதில் வியப்பிராது. இவ்வேடத்தால் சூ சியனின் மென்மை கேலிக்குரியதாகாமல் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது. 2019ஆம் ஆண்டு 36 பகுதிகளாக வெளிவந்த மறுஆக்கத்தில் காட்சிநுட்பம் மிகுந்துள்ளது. அவ்வியல்பான மென்மை அதில் இல்லை.

மூன்றரை நூற்றாண்டு மாற்றம்

இக்கதை தொடக்கத்தில் இவ்வடிவில் இருக்கவில்லை. 1624ஆம் ஆண்டு ஃபெங் மெங்லோங் வெளியிட்ட கதைத்தொகுப்பில் நாகப்பெண் மாயையின் உருவம். ஆணுக்கு இடர் விளைப்பவள். கணவனே துறவியோடு சேர்ந்து அவளைத் திருவோட்டில் அடக்குகின்றான். குழந்தையும் இல்லை. காமத்தை அஞ்சுக என்பதே அக்கதையின் போதனை. பதினெட்டாம் நூற்றாண்டு நாடகங்களில்தான் மகன் பிறக்கின்றான். மகன் பிறந்ததும் கதையின் சாய்வு மாறுகின்றது. தாயைச் சிறையிட்டவர் பக்கம் அவையோர் நிற்பது அரிதாகின்றது. லெய்ஃபெங் கோபுரம் 1924ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் உண்மையாகவே இடிந்து வீழ்ந்தபோது எழுத்தாளர் லூ சுன் அதனை மகிழ்ச்சியோடு வரவேற்றுக் கட்டுரை வரைந்தார். இளமையில் தம் பாட்டி கூறிய கதையைக் கேட்டு, அக்கோபுரம் விழவேண்டுமென்று விரும்பியவர் அவர். 2002ஆம் ஆண்டு புதிய கோபுரம் அவ்விடத்திலேயே எழுப்பப்பட்டது.

ஆக, 1624 முதல் 1992 வரையிலான 368 ஆண்டுகளில் ஒரு சமூகம் தான் தண்டித்த பெண்ணுக்குச் சிறிது சிறிதாக வாய் திறந்துவிட்டிருக்கின்றது.

பீலிவளை

இனி மணிமேகலைக்கு வருவோம். புகார்க் கடற்கரைச் சோலையில் சோழ மன்னன் தனித்து நின்ற பெண்ணொருத்தியைக் காண்கின்றான். ஒரு திங்கள் அவளோடு உறைகின்றான். அவள் தான் யாரென்று உரைக்காமலே நீங்கிவிடுகின்றாள். தேடித் திரியும் மன்னனுக்குச் சாரணர் ஒருவர் உண்மை கூறுகின்றார்: அவள் நாகநாட்டரசன் மகள் பீலிவளை, அவள் திரும்ப வாராள், அவள் ஈன்ற மகன் வருவான். அவ்வாறே அவள் மணிபல்லவத்தில் புத்தபீடிகையை வணங்கி, அங்கு வந்த கம்பளச்செட்டியிடம் குழந்தையை ஒப்படைக்கின்றாள். மரக்கலம் கரையருகே இரவில் உடைகின்றது. குழந்தையைத் தேடி அலையும் மன்னன் இந்திரவிழாவை மறக்கின்றான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொள்கின்றது.

நாகப்பெண், மானிடக் கணவன், ஒரு மகன், பௌத்தத் தலம், ஊரை விழுங்கும் வெள்ளம் என ஐந்து கூறுகளும் இரு கதைகளிலும் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற இவை போதா. நாகப்பட்டினத்தில் 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துப் பொறித்த செங்கற்கோபுரம் இருந்ததைச் சீனப் பயணக்குறிப்பு கூறுகின்றது. தொடர்பு இருந்தது உண்மை; எனினும் கதைக்கடன் என்பது வேறு செய்தி. மேலும் பீலிவளை பாம்பாக வருணிக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. மணிமேகலை நாகரென்று சுட்டுவது ஒரு மக்களினத்தையே. சாதுவன் நாகர்மொழி பேசி உயிர்தப்பும் பகுதி இதனைக் காட்டும்.

ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்குப் பயன் மிகுந்தது. பை சூஜென் வெள்ளத்தைத் தானே எழுப்புகின்றாள். தண்டனையையும் தானே ஏற்கின்றாள். பீலிவளை எதையும் செய்யவில்லை. மறந்தவன் மன்னன், சபித்தது தெய்வம், அழிந்தது நகரம். அவளைக் குற்றவாளி என்று எவரும் கூறவில்லை. அவள் மனத்தை எவரும் கேட்கவுமில்லை. ஏன் பெயரும் கூறாமல் நீங்கினாள், பெற்ற மகனை ஏன் அனுப்பினாள் என்ற வினாக்கள் நூலுள் விடையின்றி நிற்கின்றன.

இவ்வேறுபாட்டிற்குக் கதைவகையே காரணம் என்பது கட்டுரையாளரின் கருத்து. தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நாகப்பெண் அரசகுலத்தின் தோற்றத்தாய் ஆவாள். கவுண்டின்யன் நாகவேந்தன் மகள் சோமையை மணந்ததைச் சம்பா நாட்டு மிசோன் கல்வெட்டு கி.பி. 658இல் குறிப்பிடுகின்றது. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர், சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்து, தொண்டைக்கொடி அடையாளமாகக் கட்டப்பட்டுக் கடல்வழி வந்தவனைத் தொண்டைமான் இளந்திரையன் என்கிறார். குலத்தை நாட்டும் கதைக்கு மகன் வேண்டும். மகன் வந்தபின் தாய் தேவையில்லை. மணிமேகலை கடலில் விட்ட மகனை உரையாசிரியர் கரையேற்றினார். தாயைக் கரையேற்ற எவரும் முன்வரவில்லை. சீனக் கதையோ மருந்துக்கடையில் நடக்கும் இல்லறக் கதை. அங்கு மனைவி நீங்கினால் கதையே இல்லை. ஆகவே மகன் தாயைத் தேடி வரவேண்டியதாயிற்று.

வகுப்பறையில்

மணிமேகலையைக் கற்பிக்கும்போது பீலிவளையைக் கடல்கோளுக்கான காரணக்குறிப்பாக ஓரிரு தொடர்களில் கடந்துவிடுவது நம் வழக்கம். தேர்வு வினாக்களும் அதற்குமேல் கேட்பதில்லை. காப்பியத்தின் இலக்கு மணிமேகலையின் துறவு என்பதால் அவ்வழக்கம் முற்றும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அண்மையாண்டு வகுப்பொன்றில் வெண்ணாகக் கதையை ஒரு மணிநேரம் விளக்கியபின் இப்பகுதியைப் படிக்கச் செய்தபோது மாணவர் எழுப்பிய வினாக்கள் வேறாயின. தொடக்கக் கல்வியைச் சீனப்பள்ளியில் பெற்றுத் தமிழைப் பிற்காலத்தில் கற்ற மாணவி ஒருவர், சூ சியனுக்கு மனைவியின் உருவைக் காணும் வாய்ப்பாவது இருந்தது, சோழனுக்கு அவள் பெயரைக்கூட அவள் வாயால் கேட்கக் கிடைக்கவில்லையே என்றார். மற்றொருவர், தந்தையின் நாட்டில் அம்மகனுக்கு இடமில்லாததால் அனுப்பியிருக்கலாம் என்றார். இக்கூற்றுக்கு நூலில் நேரடிச் சான்றில்லை. ஆனால் சான்று தேடி அவ்வகுப்பு மணிபல்லவப் பகுதியை மூன்றுமுறை படித்தது. பழந்தமிழ்க் காப்பியத்தை மாணவர் தாமாகத் திரும்பப் படிப்பது எத்துணை அரிது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

சிம்பாங் ரெங்கம் போன்ற ஊர்களில் பணியாற்றும் தமிழாசிரியர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். அங்குள்ள மாணவர் சீனத் தொடர்களை அறிவர். புற்றடி நாகம்மாவையும் அறிவர். அவ்விரண்டிற்கும் இடையே மணிமேகலையை வைப்பதற்கு 50 பகுதிகளையும் திரையிட வேண்டியதில்லை. குடை இரவல் தரும் காட்சியும் வெள்ளக் காட்சியும் போதும். அவற்றைக் கண்டபின், புகார்ச் சோலையில் மன்னன் பீலிவளையைக் காணும் அடிகளை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அங்கு அவள் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று மாணவரை எழுதச் செய்யலாம்.