ஓரிகன் கடற்கரை: கேம்பர்வேன் பயணமும் ஜியோகேச்சிங்கும் காட்டுப்பூக்களும்

ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பசிபிக் கரையை ஒட்டி, வடக்கே அஸ்டோரியா முதல் தெற்கே புரூக்கிங்ஸ் வரை 101ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. மாநிலத்தின் கடற்கரை நீளம் ஏறத்தாழ 580 கி.மீ. நேராக ஓட்டினால் இரண்டு நாட்களில் கடந்துவிடலாம். ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி பொருத்திய கேம்பர்வேனில் வருபவர்கள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வேலை, வழியெங்கும் இறங்கி, ஒளித்து வைக்கப்பட்ட பெட்டிகளைத் தேடுவதும் பூக்களைப் பார்ப்பதும்தான்.

இந்தக் கரை இத்தகைய பயணத்துக்கு ஏற்றதாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் அலை நனைக்கும் மணற்பரப்பு பொது நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டது. 1966இல் கேனன் பீச் ஊரில் ஒரு விடுதி உரிமையாளர் தன் வாடிக்கையாளர்களுக்கென்று உலர்ந்த மணலை அடைத்துக்கொண்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அதன் விளைவாக 1967இல் ஆளுநர் டாம் மெக்கால் கையெழுத்திட்ட சட்டம், செடிகள் தொடங்கும் எல்லைவரை மணல் முழுவதையும் மக்களின் பயன்பாட்டுக்கு உரியதாக்கியது. எனவே எங்கும் இறங்கி நடக்கலாம். வண்டியை எங்கும் நிறுத்தி உறங்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. பகல் நேரப் பூங்காக்களில் இரவு தங்க அனுமதி கிடையாது. மாநிலப் பூங்காக்களின் முகாம்களில் இடம் பிடிக்க வேண்டும். கோடையில் அவை முன்பதிவிலேயே நிரம்பிவிடும்.

ஜியோகேச்சிங்

ஜிபிஎஸ் கருவி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு, யாரோ ஒளித்துவைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. பிறந்ததும் ஓரிகனில்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்து அனுப்பிவந்த அமெரிக்க அரசு, 2000 மே 2 அன்று அந்தத் தடையை நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் போர்ட்லாந்துக்குத் தெற்கே பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை வைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், கவண், ஒரு டப்பா பீன்ஸ் போன்றவை இருந்தன. மைக் டீக் என்பவர் சில நாட்களுக்குள் முதலில் அதைக் கண்டெடுத்தார். அந்த இடம் கடற்கரையில் இல்லை, உள்நாட்டில் உள்ளது. இருந்தாலும் பயணத்தைத் தொடங்குமுன் அங்குள்ள நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு.

கண்டுபிடித்தவர் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருளை எடுத்தால், ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். விளையாட்டைப் பற்றித் தெரியாத வழிப்போக்கர்களை ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த சொல்லால் ‘மகிள்’ என்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தேடுவதில்தான் பாதிச் சுவை. இந்தக் கரையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: முன்னறிவிப்பின்றி மணலில் வெகுதூரம் ஏறிவரும் அலைகள் பெரிய மரத்தடிகளையும் உருட்டிவரும். பெட்டி தேடும் மும்முரத்தில் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது ஆபத்து.

பூக்கள்

வசந்தத் தொடக்கத்தில் ஈரக்காடுகளில் மஞ்சள் நிற ஸ்கங்க் முட்டைக்கோசு பூக்கிறது. அதன் நாற்றமே பெயருக்குக் காரணம். மே மாதத்தில் ஃபுளோரன்ஸ் ஊரைச் சுற்றி ரோடோடென்ட்ரான் மலர்கிறது. அந்த ஊருக்கு வடக்கே, டார்லிங்டோனியா என்ற பூச்சியுண்ணும் செடிக்காகவே ஒரு சிறு மாநிலக் காப்பிடம் உள்ளது. படமெடுத்த நாகம் போல் நிற்கும் இலைகளைச் சேற்றில் கால் வைக்காமல் மரப்பாதையில் நின்றே பார்க்கலாம்.

அழகான பூவெல்லாம் அந்த மண்ணுக்கு உரியதல்ல. பேண்டன் ஊர்ப் பக்கம் பொன்னிறமாகப் பூத்துக் குலுங்கும் கோர்ஸ் என்ற முட்புதர் அயர்லாந்திலிருந்து வந்தது. எண்ணெய்ப் பசையுள்ள அந்தப் புதர் 1936 காட்டுத்தீயில் கொழுந்துவிட்டு எரிய, ஊரின் பெரும்பகுதி சாம்பலானது. பயணிகள் மிகுதியாகப் படமெடுக்கும் பூக்களில் அதுவும் ஒன்று.

தடம் விலகும் கால்கள்

கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்; அடர்ந்த ஸ்புரூஸ் மரங்களுக்கடியில் பிசகு இன்னும் கூடும். அதனால் தேடுபவர் புள்ளியை நோக்கி நேராகச் செல்வதில்லை, அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். ஒருவர் நடந்தால் புல் நிமிர்ந்துவிடும். ஐம்பது பேர் நடந்தால் புதிய தடம் உருவாகும். அடுத்து வருபவர் அதையே பாதை என்று நம்புவார்.

இது எங்கே கேடாக முடியும் என்பதற்கு லிங்கன் சிட்டிக்கு வடக்கேயுள்ள கேஸ்கேட் ஹெட் என்ற கடல்முனைப் புல்வெளி நல்ல எடுத்துக்காட்டு. ஓரிகன் சில்வர்ஸ்பாட் என்ற பட்டாம்பூச்சி வாழும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. 1980இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. இதன் புழுக்களுக்கு முதன்மை உணவு தரையோடு ஒட்டி வளரும் ஒரு சிறு நீல வயலட் செடியின் இலை. கோடைக் கடைசியில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு எதுவும் தின்னாமல் குளிர்காலம் முழுவதும் புல்லடியில் கிடந்து, வசந்தத்தில் வயலட் துளிர்க்கும்போதுதான் தின்னத் தொடங்கும். பூவே இல்லாத மாதங்களில், வெறும் காய்ந்த புல் என்று நினைத்து மிதிக்கும் இடத்திலும் அது இருக்கக்கூடும்.

இந்த இனம் அருகியதற்குப் பெட்டி தேடுபவர்கள் காரணமல்ல. புல்வெளிகளை வீடுகளும் புதர்களும் காடும் விழுங்கியதே பெரிய காரணம். ஆனால் போர்ட்லாந்திலுள்ள ஓரிகன் விலங்குக் காட்சிச்சாலை புழுக்களை வளர்த்துக் கொண்டுவந்து விடும் அளவுக்கு நிலைமை வந்தபின், சிறு சேதமும் கணக்கில் வருகிறது. மேல்பக்க நுழைவுப் பாதை ஜனவரி 1 முதல் ஜூலை 15 வரை மூடப்படுகிறது. மற்ற பாதையில் தடத்தைவிட்டு விலகக் கூடாது.

ஆகவே பொறுப்பு தேடுபவரைவிட ஒளிப்பவரிடமே அதிகம். பாதையோரக் கட்டை, வேலிக் கம்பம், வண்டி நிறுத்துமிடத்தின் அறிவிப்புப் பலகை ஆகியவற்றில் வைத்த பெட்டி யாரையும் புல்லுக்குள் இழுக்காது. பெட்டியே இல்லாத வகையும் உள்ளது: ‘எர்த்கேச்’ எனப்படும் அதில், குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று பாறை அடுக்கையோ மணல்மேட்டையோ கவனித்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும். கடல்முனைகள் நிறைந்த இந்தக் கரையில் அவற்றுக்குக் குறைவில்லை.