மஞ்சளும் பெருங்குடற் புற்றுநோயும்

மஞ்சள் இல்லாத தமிழர் அடுக்களை இல்லை. மங்கலப் பொருளாகவும் மருந்தாகவும் நம் முன்னோர் அதனைப் போற்றினர். இக்காலத்தில், 'மஞ்சள் உண்பார்க்குப் புற்றுநோய் வாராது' என்னும் பேச்சும் பரவியுள்ளது. இஃது எவ்வளவு உண்மை என ஆராய்வோம்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். 1815இல் பாரிசில் இதனைப் பிரித்தெடுத்தனர். ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களின்மேல் இதனை இட்டால் அவற்றின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஆனால் கண்ணாடிக் குப்பி வேறு, மனித உடல் வேறு. உண்ட குர்குமின் இரத்தத்திற் கலப்பது மிகச் சிறிது. பெரும்பகுதி குடலிலேயே நின்று வெளியேறிவிடும். ஆதலின், குடல் நோய்க்கேனும் உதவும் என அறிஞர் கருதினர். பெருங்குடலில் கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயுடையார் 44 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 3 கிராம் குர்குமினும், மற்றவர்க்கு மருந்தில்லா மாத்திரையும் ஓராண்டு கொடுத்தனர். கட்டிகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் வேறுபாடு இல்லை என்பதே 2018இல் வெளிவந்த முடிவு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே. எனவே, 3 கிராம் பெற நாளும் 100 கிராம் மஞ்சள்தூள் வேண்டும்!

அங்ஙனமாயின் நம்மைக் காப்பது யாது? ஆப்பிரிக்காவிற் பணிபுரிந்த மருத்துவர் பர்க்கிட், அங்கே இந்நோய் அரிதாயிருத்தலைக் கண்டு, நார்ச்சத்து மிக்க உணவே காரணம் என 1971இல் எழுதினார். கீரையிலும் பருப்பிலும் உள்ள நாரைக் குடல்வாழ் நுண்ணுயிர்கள் சிதைத்துப் பியூட்டிரேட் என்னும் பொருளாக்குகின்றன. பெருங்குடற் சுவரின் அணுக்களுக்கு அதுவே முதன்மை உணவு. மிகை கொழுப்போ உடலில் அழற்சியை வளர்த்து இன்சுலினைப் பெருக்குகிறது. அணுக்கள் வரம்பின்றிப் பெருக இவை துணைசெய்யும். உடற்பருமன் பெருங்குடற் புற்றுக்குக் காரணமாம் என உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வமைப்பு 2016இல் உறுதிப்படுத்தியது.

பேராக் தோட்டங்களில் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டினர். பால்வாளி சுமந்து நடந்தனர். லயத்துப் பின்புறம் முருங்கையும் பசலையும் வளர்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோம். ரொட்டி சானாயும் டின்பால் கலந்த தேநீரும் அன்றாட உணவாயின, நடை குறைந்தது. 2019ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பில் மலேசியரில் வயது வந்தோர் இருவருள் ஒருவர் மிகை எடையினர்.

எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் மலத்தில் இரத்தங் கண்டார். மூலம் என எண்ணி, ஓராண்டு மஞ்சட்பால் அருந்தியே காலங் கழித்தார். மருத்துவமனை சென்றபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மஞ்சள் அவரைக் கெடுக்கவில்லை. மஞ்சளின்மேல் வைத்த நம்பிக்கையே கெடுத்தது.

ஆசிரியர்களே, குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். தட்டில் கீரையும் காலில் நடையும் அதனோடு சேரட்டும். ஐம்பது வயது கடந்த பெற்றோரிடம், அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை உண்டு என எடுத்துரையுங்கள். இரத்தங் கண்டவர் எவ்வயதினராயினும் காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லட்டும்.